நூற்று முப்பத்தெட்டுக்கு எண்பத்தெட்டு

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி சுமாருக்குச் செங்கல் சூளைக் குடியிருப்பில் நூற்றுப் பதினாறு பேருக்கு ஒரே நேரத்தில் நோய் வந்தது. வந்தபோது அவர்களில் ஒருவருக்குக்கூடத் தலை சுற்றவில்லை. பாதிப் பேர் குழாயடியில் வரிசைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர், சீசன் தொடங்கிவிட்டால் நேரம் கிடைக்காதென்று கூரை ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, சுகாதார நிலையத்தின் கூட்ட அறையில், டாக்டரம்மா ஒரு சுற்றறிக்கையை வாசித்தார். அவ்வளவுதான் நடந்தது.

"இனிமே நூத்தி நாப்பதுக்குத் தொண்ணூறு கிடையாது. நூத்தி முப்பதுக்கு எண்பது. அதைத் தாண்டினா உயர் ரத்த அழுத்தம். அட்டையில சிவப்பு முத்திரை."

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த சின்ன நர்ஸ் மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். நேற்றுவரை அவள் பகுதியில் சிவப்பு முத்திரை ஒன்பது பேருக்கு. இப்போது நூற்று இருபத்தைந்து.

"மாத்திரை கூட வருமா மேடம்?"

"நூத்தி நாப்பதுக்கு மேல இருக்கறவங்களுக்குத்தான் மாத்திரை. முப்பதுலேர்ந்து நாப்பதுவரைக்கும் அறிவுரை மட்டும். மாத்திரை போன வருஷ எண்ணிக்கைப்படியே வரும்."

"அப்ப எதுக்கு மேடம் அவங்களை நோயாளின்னு சொல்லணும்?"

டாக்டரம்மா காகிதத்திலிருந்து நிமிர்ந்தார். அவருக்கும் தூக்கம் போதாத முகம். "முன்னாடியே தெரிஞ்சா முன்னாடியே காப்பாத்தலாம். ஆயிரக்கணக்கான பேரைப் பார்த்துத்தான் இந்த முடிவுக்கு வந்திருக்காங்க. இதுல தப்பு ஒண்ணும் இல்லைம்மா."

தப்பு இல்லைதான். அவள் படித்தவள், அந்தச் சுற்றறிக்கையில் ஒரு பொய்யும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அதுதான் ஆத்திரம். பொய்யாக இருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வெளியே வந்திருக்கலாம். பொய்யெல்லாம் அவள் பக்கத்தில், குடியிருப்புக்காரர்கள் வைத்திருக்கும் பிரஷர் அட்டைகளில் இருந்தது.

அந்தக் கதையைச் சொல்லிவிட வேண்டும்.

சூளைக் குடியிருப்பில்தான் அவள் பிறந்தாள். அங்கிருந்து பட்டம் வாங்கிய முதல் ஆளும் அவள்தான். அவளுக்கு முன்னால் இருபத்தாறு வருஷம் அங்கே நர்ஸாக இருந்தவர் பெரிய நர்ஸ். அதனால் இவள் சின்ன நர்ஸ். பெரிய நர்ஸ் நல்லவர். அந்த நல்ல குணத்தால் வந்த வினை இது. பிரஷர் பார்த்து நூற்று நாற்பதுக்கு மேல் எழுதினால், அந்த ஆளை வாரம் ஒருமுறை பன்னிரண்டு கிலோமீட்டர் அனுப்ப வேண்டும். போனால் ஒருநாள் கூலி போச்சு. போனாலும் மாத்திரை இருக்குமா என்பது அன்றைய அதிர்ஷ்டம். பெரிய நர்ஸ் பார்த்தார், யோசித்தார், ஒரு வழி கண்டுபிடித்தார். மெஷின் நூற்று நாற்பத்தைந்து காட்டினாலும் சரி, நூற்று எழுபது காட்டினாலும் சரி, அட்டையில் எழுதியது ஒன்றுதான்: நூற்று முப்பத்தெட்டுக்கு எண்பத்தெட்டு. கோட்டுக்கு இந்தப் பக்கம். ஆனால் பார்ப்பவன் நம்பும்படி கோட்டுக்குப் பக்கத்திலேயே. வருஷக்கணக்கில் அந்தக் குடியிருப்பே நூற்று முப்பத்தெட்டில் வாழ்ந்தது.

பிறகு நெருப்புக்காரர் விழுந்தார். சூளைக்கு நெருப்பு வைத்து, இரவு பகலாக அதைக் காக்கிற வேலை அவருக்கு. ஒருநாள் விறகைத் தூக்கியவர் அப்படியே சரிந்தார். பிழைத்துக்கொண்டார். வலது கை, வலது கால், பாதிப் பேச்சு போய்விட்டது. அதற்குப் பிறகுதான் தொழிலாளர் நலத்துறை அதிகாரி ஒருவர் வந்து, சிவப்பு முத்திரை இருப்பவர்களைச் சுமை வேலையில் சேர்க்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நல்ல எண்ணம்தான். ஆனால் அன்றிலிருந்து நூற்று முப்பத்தெட்டு, வேலை கிடைக்கிற எண்ணாகவும் ஆகிவிட்டது.

மூன்று மாதத்துக்கு முன், வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாள், சின்ன நர்ஸ் நெருப்புக்காரரின் அட்டையைப் பார்த்தாள். ஒன்றின் கீழ் ஒன்றாகப் பதினோரு வரி. பதினொன்றும் நூற்று முப்பத்தெட்டுக்கு எண்பத்தெட்டு. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. இந்தக் கையால் ஒருபோதும் அதை எழுதுவதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மூன்று முறை எழுதினாள். மூன்றும் ஒரே அட்டையில். அது அவளுடைய அத்தையின் அட்டை.

*

புதன்கிழமை காலை துணை நிலையத்தின் வாசலிலிருந்து குழாயடிவரை வரிசை நின்றது. துணை நிலையம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு அறை, ஒரு மேஜை, எடை பார்க்கும் கருவி, முதுகு உடைந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அடுத்த திங்கள் சூளையில் ஆள் எடுப்பார்கள். அதற்குள் அட்டையில் இந்த சீசனுக்கான முத்திரை விழ வேண்டும். ஆறு மாதத்துக்குள் பார்த்த அளவு இருந்தால் மறுபடி பார்க்கத் தேவையில்லை. பெரும்பாலோர் அட்டையில் பெரிய நர்ஸ் போகும் முன் கடைசியாக எழுதிய அளவே செல்லுபடியாக இருந்தது. அட்டை எண்ணைத் தட்டினால், அரசு கொடுத்த கைக்கணினியான டேப் தானாக நிறம் சொல்லிவிடும். போன வாரம்வரை பச்சை காட்டிய அதே நூற்று முப்பத்தெட்டுக்கு இப்போது சிவப்பு காட்டியது.

முதலில் வந்தவன் ரேடியோ. லாரிக்குக் கல் ஏற்றுகிறவன். பிறந்ததிலிருந்து வாயை மூடாததால் அந்தப் பெயர்.

"என்ன நர்ஸம்மா இது? நேத்து நல்ல மனுஷனாப் படுத்தேன். புரண்டுகூடப் படுக்கல. காலையில எழுந்தா நோயாளி!"

"கோட்டைக் கீழே இறக்கிட்டாங்க."

"யாரைக் கேட்டு?"

"என்னைக் கேக்கல."

"வேலிக்கல்லை நகத்தறவன்கூட ராத்திரியில திருட்டுத்தனமாத்தான் நகத்துவான். இவங்க பட்டப்பகல்ல நகத்தறாங்க. சரி, எனக்கு மாத்திரை உண்டா?"

"உன் அளவுக்கு மாத்திரை கிடையாது. அறிவுரை."

"குடு, அதையாவது வாங்கிட்டுப் போறேன்."

டேப்பில் இருந்ததை அவள் முகத்தை இறுக்கிக்கொண்டு வாசித்தாள். "சாப்பாட்டுல உப்பைக் குறைக்கணும். தினமும் அரை மணி நேரம் வேகமா நடக்கணும். மனக்கவலை இல்லாம இருக்கணும்."

வரிசையில் குழாயடிவரை சிரிப்பு ஓடியது.

"நடக்கணுமா?" என்றாள் ரேடியோவுக்குப் பின்னால் நின்ற, சுடாத பச்சைக்கல் அறுப்பவள். "தலையில பன்னெண்டு கல்லோட நடக்கறது நடையில சேருமா, சேராதா? உன் டேப்பைக் கேட்டுச் சொல்லு."

"மனக்கவலையைக் குறைக்கணும்னா முதல்ல என் மச்சானைக் குறைக்கணும். அதுக்கு மாத்திரை இருக்கா?" என்றான் ரேடியோ.

சிவப்பு முத்திரை குத்தியதும் சிரிப்பு போய்விட்டது. அவன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றும் பேசாமல் போனான்.

மதியத்துக்குள் நாற்பத்து மூன்று சிவப்பு குத்தினாள். கட்டைவிரல் வீங்கிவிட்டது. இதில் யார் நிஜமான நூற்று முப்பத்தெட்டு, யார் நூற்று எழுபதை ஒளித்து வைத்துக்கொண்டு நிற்பவர்? தெரியாது. பெரிய நர்ஸுக்காவது ஞாபகம் இருந்திருக்கும். அவர் ஓய்வுபெற்று மகன் வீட்டுக்குப் போகும்போது அந்த ஞாபகத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோடு நூற்று நாற்பதில் இருந்தவரை அந்தப் பொய் ஒரு கதவு மாதிரி இருந்தது. வேலைக்குப் போக அதைத் திறந்துவிட்டார்கள். இப்போது கோடு இறங்கியதும் அதே பொய் இரண்டு பக்கமும் அறைந்து சாத்திக்கொண்டது. நூற்று முப்பத்தெட்டு என்றால் சிவப்பு, வேலை இல்லை. நூற்று முப்பத்தெட்டு என்றால் மாத்திரையும் இல்லை.

*

வரிசை முடிந்து, அவள் ஆறிப்போன தேநீரை வாயில் வைத்தபோது அத்தை வந்தாள்.

அப்பாவின் அக்கா. நாற்பத்தொன்பது வயது. முப்பது வருஷமாகத் தலையில் கல் சுமப்பவள். அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போன பிறகு சின்ன நர்ஸைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் அனுப்பியது அந்தத் தலைதான். இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். வீட்டில் கேட்டிருக்கலாம். ஆனால் அத்தை அட்டையை எடுத்துக்கொண்டு, தலைவாரி, துவைத்த புடவை கட்டிக்கொண்டு, துணை நிலையத்துக்கு வந்தாள். இது ஆபீஸ் விஷயம் என்று அவளுக்குத் தெரியும்.

"நூத்தி இருபத்தெட்டு போடு," என்றாள், நின்றுகொண்டே.

"அத்தை..."

"முப்பதுக்குக் கீழே இருந்தாப் பச்சையாமே. ரேடியோ சொன்னான். இருபத்தெட்டு போதும். இருபதெல்லாம் வேணாம், யாரும் நம்ப மாட்டாங்க."

"உனக்கு நிஜத்துல எவ்வளவு இருக்குன்னு உனக்கே தெரியும்."

"தெரியும். போன தடவை நூத்தி அம்பத்திரெண்டு. பதினாலு குறைச்சுப் போட்டே. இந்தத் தடவை இன்னும் பத்து குறைச்சா உன் கை நொந்துடுமா?"

"நெருப்புக்காரர் அட்டையைப் பார்த்திருக்கியா நீ?"

"அவன் குடிப்பான்."

"குடிக்க மாட்டார், அத்தை."

"அப்ப பீடி."

"அதுவும் கிடையாது."

"நெருப்புக்கிட்ட உக்காந்தான்ல, அந்தச் சூடு ஏறியிருக்கும்." அத்தை அசரவில்லை. "நான் நெருப்புக்கிட்டப் போறதில்ல. கல்லைத் தூக்கறேன், வைக்கறேன். அவ்வளவுதான்."

"பத்துக் கல்லோட ஏணிப்படியில ஏறும்போது தலையில நரம்பு வெடிச்சா?"

"வெடிச்சா வெடிக்கட்டும். வீட்டுல உக்காந்து என்ன பண்ணச் சொல்ற? சுவத்தைப் பார்த்துக்கிட்டு உயிரோட இருக்கவா?"

"என் சம்பளம் இருக்கு."

அத்தை அவளைப் பார்த்த பார்வையில், அந்த வாக்கியத்தைத் திரும்ப வாய்க்குள் போட்டுக்கொள்ளலாமா என்றிருந்தது அவளுக்கு.

உன்னைப் படிக்க வைத்த கழுத்து இது என்று அத்தை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அத்தை அதைச் சொல்லவில்லை. எப்போதுமே சொன்னதில்லை. சும்மா நின்றாள். கழுத்து மட்டும், சுமை இல்லாதபோதும் சுமை இருப்பதுபோல், விறைப்பாக முன்னால் நீண்டிருந்தது.

சின்ன நர்ஸ் அத்தையின் கையில் பட்டையைச் சுற்றி அவசரமாகப் பிரஷர் பார்த்தாள். நூற்று அறுபத்தாறு. அப்போதுதான் சுற்றறிக்கையின் மூன்றாம் பக்கம் ஞாபகம் வந்தது. யாரும் படிக்காத பக்கம். அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம் பேசாமல், முதுகைச் சாய்த்து, கால்களைத் தரையில் பதித்து உட்கார வைக்க வேண்டும். அறுபது பேர் வரிசையில் நிற்கும்போது ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் எந்த ஊர்க் கணக்கு அது? இருபத்தாறு வருஷத்தில் பெரிய நர்ஸ் யாரையும் அப்படி உட்கார வைத்ததில்லை. இவளும்தான்.

"உக்காரு."

"எதுக்கு?"

"அஞ்சு நிமிஷம் ஒண்ணும் பேசாம உக்காரணும். அப்பதான் சரியா வரும். கொஞ்சம் குறைஞ்சாலும் குறையும்."

குறையும் என்றதும் அத்தை உட்கார்ந்தாள். முதுகு உடைந்த நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, தலையணைக்குப் பதிலாகப் பஞ்சுப் பொட்டலத்தை வைத்தாள் சின்ன நர்ஸ். கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டாவது நிமிடத்தில் அத்தையின் கண்கள் சொருகின. மூன்றாவது நிமிடத்தில் குறட்டை வந்தது. வாய் லேசாகத் திறந்து, கைகள் மடியில் மல்லாந்து கிடந்தன. விரல் நுனிகளில் ரேகையே இல்லை. செங்கல் தேய்த்துத் தேய்த்து வழவழவென்று ஆகியிருந்தன. பட்டப்பகலில், வேறொருவர் கண் முன்னால், அத்தை இப்படிச் சும்மா உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை. ஐந்து நிமிடம் பத்து ஆனது. எழுப்ப மனசு வரவில்லை.

குறைந்துவிடு என்று மெஷினிடம் வேண்டிக்கொண்டே பொத்தானை அழுத்தினாள்.

நூற்று ஐம்பத்து நான்குக்குத் தொண்ணூற்றாறு. இரண்டு நிமிடம் விட்டு மறுபடி. அதே நூற்று ஐம்பத்து நான்கு.

அத்தை கண்ணைத் திறந்தாள். "எவ்வளவு?"

மூன்று வழிதான். நூற்று இருபத்தெட்டு என்று எழுதினால் வேலை உண்டு, மாத்திரை இல்லை. நூற்று முப்பத்தெட்டு என்று எழுதினால் வேலையும் இல்லை, மாத்திரையும் இல்லை. உள்ளதை எழுதினால் மாத்திரை உண்டு, வேலை இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அத்தைக்கு ஏதோ ஒன்று கையை விட்டுப் போகிறது. நூற்று இருபத்தெட்டு என்று போட்டால் டேப் ஒரு கேள்வி கேட்காது.

"நூத்தி அம்பத்தி நாலு," என்றாள், தட்டிக்கொண்டே.

டேப் கேட்டது: முந்தைய அளவைவிட உயர்வு அதிகம், உறுதியாகத் தெரியுமா? பொய் எழுதிய மூன்று முறையும் கேட்காத கேள்வி. உறுதி என்பதை அழுத்தினாள். முத்திரையைக் குத்தினாள். மாத்திரை அட்டை மூன்றை எடுத்து மேஜையில் வைத்தாள்.

அத்தை அட்டையை எடுத்தாள். மாத்திரையைத் தொடவில்லை.

"நல்லாப் படிச்சிருக்கே," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனாள்.

*

திங்கட்கிழமை மேஸ்திரி துணை நிலைய வாசலில் வந்து நின்றார். சுமைக்கு அறுபத்திரண்டு பேர் வேண்டும். பச்சை முத்திரையோடு வந்தவர்கள் பதினேழு பேர்.

"ஏம்மா நர்ஸு, கல்லை யாரு சுமக்கறது? உன் டேப்பா?"

"அண்ணே, நான் கோடு போடல."

"கோடு போட்டவனை வந்து ரெண்டு நடை சுமக்கச் சொல்லு. நான் முதலாளிக்கிட்டப் பேசிட்டேன். எங்களுக்குப் பழைய கோடே போதும். நூத்தி நாப்பதுக்குக் கீழே இருந்தா எடுத்துக்கறோம். சிவப்போ பச்சையோ, ஆபீசர் வந்தா நம்பரைக் காட்டிப் பேசிக்கறேன்."

அன்று மதியத்துக்குள், சுமைக்கு வந்த சிவப்பு முத்திரைக்காரர்கள் ஒருத்தியைத் தவிர எல்லாரும் வேலையில் சேர்ந்தார்கள். ரேடியோ சேர்ந்தான். பச்சைக்கல் அறுப்பவள் சேர்ந்தாள். சேர்ந்தவர்கள் எல்லார் அட்டையிலும் நூற்று முப்பத்தெட்டு. நூற்று நாற்பதுக்கு மேல் எழுதப்பட்டிருந்தவள் அந்த ஒருத்திதான். மேஸ்திரி அவளைத் திருப்பி அனுப்பும்போது கொஞ்சம் வருத்தப்பட்டதாகவும் சொன்னார்கள்.

அத்தை வீட்டுக்கு வந்து சும்மாட்டுத் துணியை மடித்துக் கொடியில் போட்டாள். சின்ன நர்ஸிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை.

செய்தி பரவ அரைநாள் போதுமாக இருந்தது. "சொந்த அத்தைக்கே குத்தினவ." இதற்குப் பிறகு யார் கை நீட்டுவார்கள்? அவள் வீடு வீடாக மெஷினைத் தூக்கிக்கொண்டு போனாள். "ஒருதடவை சரியாப் பார்க்கலாம், வாங்க," என்றாள். "எழுதுவியா?" என்று கேட்டார்கள். "எழுதணும்." "அப்ப வேணாம்மா, நாங்க நல்லாத்தான் இருக்கோம்." கதவைச் சாத்தவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார்கள். நெருப்புக்காரர் மட்டும் வாசலில் உட்கார்ந்தபடி இடது கையை நீட்டினார். அவருக்கு இழக்க ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை பஸ் ஏறிப்போய் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மூக்குத்தண்டை அழுத்திக்கொண்டார்.

"நூத்திப் பதினாறு பேருமா?"

"எத்தனை பேருன்னு தெரியாது மேடம். அதான் பிரச்சினை."

"நீயும் எழுதினியா?"

"மூணு தடவை. ஒரே ஆளுக்கு."

"எழுத்துல குடுக்காதே. குடுத்தா நான் மேலே அனுப்பணும். அனுப்பினா உன்னை மாத்துவாங்க. புதுசா வர்றவளுக்கு இந்தக் கதையே தெரியாது. நூத்தி முப்பத்தெட்டை நிஜம்னே நம்புவா." அவர் பெருமூச்சு விட்டார். "நீயே இரு. ஒவ்வொருத்தராப் பாரு."

"யாரும் கை நீட்ட மாட்டேங்கறாங்க மேடம்."

"நீட்டற வரைக்கும் இரு."

வேறென்ன சொல்வார்? அவருக்கு இவளைப் போல் பதினான்கு நர்ஸ்கள். பஸ்ஸில் திரும்பும்போது அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

*

வீட்டில் அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. பாத்திரங்களைத் தேய்த்தாள். தேய்த்ததைத் திரும்பத் தேய்த்தாள். வாசலைக் கூட்டினாள். ஐந்தரைக்குச் சூளைக்குப் போகிறவர்கள் வாசலைக் கடக்கும்போது உள்ளே போய்விடுவாள். கடந்த பிறகு வருவாள்.

ஒன்பதாம் நாள் காலை சின்ன நர்ஸ் தேநீர் டம்ளருக்குப் பக்கத்தில் ஒரு மாத்திரையை வைத்தாள். எட்டு நாளாக வைத்ததுதான். எட்டு நாளும் அது அங்கேயே இருந்தது. அன்றைக்கு அத்தை அதை விரலால் உருட்டினாள்.

"இதைப் போட்டா எத்தனை நாள்ல இறங்கும்?"

மேஸ்திரி திருப்பி அனுப்பிய பிறகு அவளிடம் அத்தை பேசிய முதல் வாக்கியம்.

"மூணு நாலு வாரம் ஆகும்."

"இறங்கினா இறங்கினதை எழுதுவியா?"

"இறங்கினதைத்தான் எழுதுவேன்."

"ஒண்ணு கூடக் கூடாது."

"கூடாது. குறையவும் கூடாது."

அத்தை மாத்திரையை வாயில் போட்டு, கசப்பு மருந்து குடித்த குழந்தை மாதிரி முகத்தைச் சுளித்தாள். கசக்காத மாத்திரை அது.

அதற்கப்புறம் ஒருநாளும் தவறவில்லை. உப்பையும் குறைத்தாள். சமைத்ததை இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு விழுங்கினார்கள். கையிருப்பில் இருந்த மாத்திரை தீர்ந்தபோது, சின்ன நர்ஸ் அடுத்த வாரச் சரக்குக்காக இரண்டு முறை பஸ் ஏறினாள். இரண்டாவது முறை கிடைத்தது. இதற்கிடையில் சூளையில் புகை எழுந்துவிட்டது. ரேடியோவின் குரல் லாரியோடு வந்து லாரியோடு போனது. ஒவ்வொரு முறை அந்தப் பக்கமிருந்து யாராவது ஓடிவந்தாலும் அவள் மெஷினைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவாள். தண்ணீர்க் குடத்துக்காக ஓடிவந்திருப்பார்கள்.

நான்காவது வாரம் முடிந்த திங்கட்கிழமை. அத்தை மறுபடி துவைத்த புடவை கட்டிக்கொண்டு வந்தாள். சொல்லாமலே நாற்காலியைச் சுவரோடு இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கால்களைத் தரையில் பதித்தாள். இந்த முறை தூங்கவில்லை, கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிடம் முடிந்ததும் கையை நீட்டினாள்.

மெஷின் உப்பியது, இறங்கியது.

சின்ன நர்ஸ் எண்ணைப் பார்த்தாள். பட்டையைக் கழற்றி மறுபடி சுற்றினாள். காத்திருந்து மறுபடி பார்த்தாள்.

நூற்று முப்பத்தெட்டுக்கு எண்பத்தெட்டு.

"எவ்வளவுடீ? ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கற?"

"நூத்தி முப்பத்தெட்டு."

அத்தை எழுந்து வந்து மெஷினைத் தானே பார்த்தாள். எண் படிக்கத் தெரியும் அவளுக்கு, கல் எண்ணுகிறவள். அட்டையை எடுத்தாள். மேலிருந்து கீழே விரலை ஓட்டினாள். நூற்று முப்பத்தெட்டு. நூற்று முப்பத்தெட்டு. நூற்று முப்பத்தெட்டு. நூற்று ஐம்பத்து நான்கு.

"இதே நம்பர்தானே முன்னாடியும் இருந்துச்சு? இதுக்கா ஒரு மாசம் என்னை வீட்டுல உக்கார வெச்ச?"

"அது நான் எழுதினது. இது உனக்கு இருக்கறது."

"படிக்கறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

சின்ன நர்ஸ் பேனாவை எடுத்தாள். கை வரமாட்டேன் என்றது. பதினோரு வரியாக நெருப்புக்காரரின் அட்டையில் பார்த்த எண். இந்தக் கையால் எழுதுவதில்லை என்று சொல்லிக்கொண்ட எண். குடியிருப்பிலேயே அந்த எண் நிஜமாக யாருக்காவது இருக்கிறதென்று அவள் கண்ணால் பார்த்தது இந்த ஒருத்திக்குத்தான். எழுதினாள். டேப் எதுவும் கேட்காமல் சிவப்பு காட்டியது. முத்திரையைக் குத்தினாள்.

மேஸ்திரி அட்டையை வாங்கிப் பார்த்தாராம். "எப்பவும் முப்பத்தெட்டுதான் இருந்திருக்கு. நடுவுல இது ஏதோ மெஷின் கோளாறு போல," என்று சொல்லிவிட்டு அத்தையை ஏணி வேலைக்குப் போட்டுக்கொண்டார். சாயங்காலம் அத்தையே இதைச் சொன்னாள். சொல்லிவிட்டு ஒரு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தாள். சின்ன நர்ஸுக்குச் சிரிப்பு வரவில்லை.

"மாத்திரையை விட்டுடாதே, அத்தை. மாத்திரை போட்டதாலதான் முப்பத்தெட்டு. விட்டா மறுபடி அம்பத்தி நாலு."

"எத்தனை நாளைக்கு?"

"எப்பவும்."

"எப்பவுமா!" அத்தை உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள். "நல்லாயிட்டேன்னு சொல்ற. மாத்திரையும் போடுன்னு சொல்ற. சிவப்பும் குத்தற. உங்க படிப்பு ஒண்ணும் புரியலடீ."

மறுநாள் காலை ஐந்தரை. வெளியே செருப்புச் சத்தங்கள் போய்க்கொண்டிருந்தன. சின்ன நர்ஸ் கண் எரிச்சலோடு எழுந்து வந்தாள். அத்தை சும்மாட்டுத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றிருந்தாள். போகவில்லை. திரும்பிப் பார்க்காமலே ஒரு கையைப் பின்னால் நீட்டினாள், உள்ளங்கை மேலே. அவள் மாத்திரையை அதில் வைத்தாள். அத்தை தண்ணீர்கூடக் கேட்காமல் விழுங்கினாள்.

தெருவில் ரேடியோ நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதென்ன நர்ஸம்மா, அத்தைக்கு மட்டும்? எனக்கும் ஒண்ணு குடு. ரெண்டு நாளா பின்மண்டை வலிக்குது."

அவளுக்குத் தூக்கம் பறந்துவிட்டது. "உள்ள வா. பார்த்துட்டுத் தரேன். அஞ்சு நிமிஷம் பேசாம உக்காரணும்."

"பேசாமயா? அஞ்சு நிமிஷமா?" அவன் சூளைப் பக்கம் பார்த்தான். முதல் லாரி ஹாரன் அடித்தது. "பார்த்தா எழுதுவே இல்ல?"

"எழுதுவேன்."

"சீசன் முடியட்டும், நர்ஸம்மா."

அத்தை படியிறங்கினாள். ரேடியோ வழியெல்லாம் எதையோ பேசிக்கொண்டே அவள் பின்னால் போனான். சின்ன நர்ஸ் மெஷினைப் பைக்குள் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். சீசன் முடிய இன்னும் ஐந்து மாதம் இருந்தது.